திருமலைச் சமணப் பள்ளி: கல்வெட்டுக் கொடைகளும் குகைக்கோயிலின் உள்ளமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

போளூருக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட திருமலை, தமிழக வரலாற்றில் முதலாம் இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்பைக் கூறும் கல்வெட்டால் அறியப்பட்ட ஊராகும். அக்கல்வெட்டு பொறிக்கப்பட்ட நோக்கம் ஒரு வணிகரின் மனைவி சமணக் கோயிலுக்கு அளித்த விளக்குக் கொடையைப் பதிவு செய்வதாகும். மெய்க்கீர்த்திப் பகுதி பலமுறை ஆராயப்பட்ட அளவிற்கு, கொடைப் பகுதியும் அக்கொடையைப் பெற்ற பள்ளியும் ஆராயப்படவில்லை. திருமலைக் கல்வெட்டுகளின் கொடைச் செய்திகளைக் குகைக்கோயிலின் உள்ளமைப்போடும் ஓவியங்களோடும் இணைத்து நோக்கும் இக்கட்டுரை, துறவியர் உறைவிடமாகவும் இல்லறத்தார் வழிபாட்டிடமாகவும் இப்பள்ளி ஒருசேர இயங்கியதையும், அதனைத் தாங்கியவர்களுள் பெண்கள் முதன்மையிடம் பெற்றிருந்ததையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: திருமலை, வைகவூர், பள்ளிச்சந்தம், குந்தவை சினாலயம், நந்தாவிளக்கு, சமவசரணம், பொன்னூர், வந்தவாசி வட்டாரச் சமணம்.

முன்னுரை

வந்தவாசி என்ற பெயர் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் 1760ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நடந்த போரோடு சேர்த்தே பேசப்படுகிறது. ஆனால் இவ்வட்டாரத்தின் நெடிய வரலாறு வேறொன்று. பொன்னூர், வெண்குன்றம், பிருதூர் முதலிய ஊர்களில் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்ந்து வருகின்றனர். வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதியே தமிழ்ச் சமணத்தின் வாழும் பரப்பாக எஞ்சியுள்ளது. இப்பரப்பின் மேற்கு எல்லையில், வடமாதிமங்கலத்திற்கு அருகில் அமைந்த குன்றே திருமலை.

திருமலையின் கல்வெட்டுகள் உல்ச் அவர்களால் தொகுக்கப்பட்டு 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இடம்பெற்றன. அன்று தொடங்கி இன்றுவரை அவற்றுள் ஒன்று மட்டுமே மீண்டும் மீண்டும் மேற்கோளாகி வருகிறது. அது முதலாம் இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. தண்டபுத்தி, தக்கணலாடம், வங்காள தேசம், உத்தரலாடம் முதலிய நாடுகளையும் தன்மபாலன், இரணசூரன், கோவிந்தசந்தன், மகிபாலன் முதலிய மன்னர்களையும் குறிப்பதால், சோழர் வரலாற்றுக்கு மட்டுமின்றி வங்காள வரலாற்றுக்கும் அது அடிப்படைச் சான்றாயிற்று. கங்கைக்கரை மன்னரின் கால வரையறைக்குத் துணைநின்ற அக்கல், தான் பொறிக்கப்பட்ட மலையின் வரலாற்றுக்கு எவ்வாறு துணைநிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

இடமும் பெயரும்

கல்வெட்டுகளில் இவ்வூர் வைகவூர் என்றும், மலை வைகை மலை, வைகைத் திருமலை என்றும் வழங்கப்பெறுகின்றன. சோழர் ஆட்சிக் காலத்தில் இது சயங்கொண்டசோழ மண்டலத்துப் பங்கள நாட்டின் உட்பிரிவான முகை நாட்டில் அடங்கிய பள்ளிச்சந்தமாக இருந்தது. பள்ளிச்சந்தம் என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலக்கொடையைக் குறிக்கும் சொல். சைவக் கோயில்களுக்குரிய தேவதானத்திற்கும் பிராமணர்களுக்குரிய பிரமதேயத்திற்கும் இணையானது அது. ஆகவே, இவ்வூரின் வருவாயில் உரிமை பெற்ற நிறுவனமாகப் பள்ளி விளங்கியது எனக் கொள்ளலாம்.

பிற்காலக் கல்வெட்டொன்று இம்மலையை எண்குணவிறைவனின் திருமலை என்ற பொருளில் குறிக்கிறது. எண்குணத்தான் என்பது அருகனைக் குறிக்கும் தமிழ்ச் சமண மரபுப் பெயர். அதே கல்வெட்டின் வடமொழிப் பகுதியும் இதனை அருகனின் மலை என்றே சொல்கிறது. 'திருமலை' என்னும் பொதுப்பெயர் இங்கு அருகனோடு இணைந்து சிறப்புப் பெயராக நிலைத்தது இதனால் விளங்கும்.

இம்மலையில் கிடைக்கும் தொடக்ககாலச் செய்திகளுள் ஒன்று இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனைச் சார்ந்தது. கன்னரதேவன் எனத் தமிழ்க் கல்வெட்டுகள் குறிக்கும் அம்மன்னனின் 19ஆம் ஆட்சியாண்டில், கங்கமாதேவி என்னும் அரசியின் பணியாளர் ஒருவர் திருமலையில் உள்ள இயக்கனுக்கு விளக்கு வைத்தார். 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இங்கு இயக்கன் படிமம் வழிபாட்டில் இருந்தமையும், கன்னட நாட்டோடு பள்ளிக்குத் தொடர்பிருந்தமையும் இதனால் தெளிவாகின்றன.

நீரும் ஆசிரியர் மரபும்

முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 1005–06) செய்யுள் வடிவில் அமைந்தது. குணவீர மாமுனிவன் என்னும் துறவி வைகை மலையில் கலிங்கு ஒன்றை அமைத்து, அதற்குக் கணிசேகர மருபொற்சூரியன் என்னும் ஆசிரியரின் பெயரைச் சூட்டினார் என்பது அதன் செய்தி. கலிங்கு என்பது ஏரியின் மிகுநீர் வழியும் கட்டுமானம். கரை உடையாமல் காக்கும் அமைப்பாதலின், ஏரிப் பாசன ஊரின் வாழ்வு அதனைச் சார்ந்தே இருந்தது.

பற்றற்ற துறவி ஒருவர் பாசனப் பணியில் ஈடுபட்டமை முரணாகத் தோன்றலாம். பள்ளிச்சந்த நிலத்தின் விளைச்சலே பள்ளியின் வருவாய் என்பதை எண்ணினால் அம்முரண் நீங்கும். மேலும், உயிரோம்புதலை அறமாகக் கொண்ட சமயத்தில் நீரறமும் அறமே. அரசன் பெயரையோ தன் பெயரையோ சூட்டாமல் ஆசிரியரின் பெயரைச் சூட்டியதில் ஆசிரியர் மாணாக்கர் உறவின் வலிமை புலனாகிறது.

இவ்வுறவை மற்றொரு சிறு கல்வெட்டும் உறுதிப்படுத்துகிறது. திருமலைப் பரவாதிமல்லரின் மாணாக்கரும் கடைக்கோட்டூரைச் சேர்ந்தவருமான அரிட்டநேமி ஆசிரியர் இயக்கி படிமம் ஒன்றைச் செய்வித்தார் என்பது அது கூறும் செய்தி. பரவாதிமல்லர் என்பதற்குப் பிற சமயவாதிகளை வாதில் வெல்லும் மல்லர் என்பது பொருள். வாதத் திறனால் சிறப்புப் பெயர் பெற்ற ஆசிரியரையும், அயலூரிலிருந்து வந்து அவரிடம் பயின்று தாமும் ஆசிரியரான மாணாக்கரையும் இச்சான்று ஒருங்கே காட்டுகிறது. படுக்கை, துறவியர் உறைவிடம், கல்விக்கூடம் என்னும் மூன்று பொருள்களும் 'பள்ளி' என்ற சொல்லுக்கு உண்டு. திருமலையில் பின்னிரண்டும் நடைமுறையில் ஒன்றாகவே இருந்தன.

மெய்க்கீர்த்தியும் விளக்குக் கொடையும்

இராசேந்திரனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 1024–25) மலைமீதுள்ள பாறையில் பொறிக்கப்பட்டது. நீண்ட மெய்க்கீர்த்தியின் பின், பெரும்பாணப்பாடியில் கரைவழிமல்லியூரில் வாழ்ந்த வணிகர் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, திருமலையிலுள்ள ஸ்ரீகுந்தவை சினாலயத்திற்கு அளித்த கொடை இடம்பெறுகிறது. நந்தாவிளக்கு ஒன்றிற்கு 20 காசும் திருவமுதிற்கு 10 காசும் அவர் அளித்தார்.

இத்தகைய காசுக்கொடைகளில் முதல் குறையாமல் வைக்கப்பட்டு, அதிலிருந்து வரும் பொலிசையால் அறம் நடைபெறுவதே வழக்கம். விளக்கு அணையாமல் எரிய வேண்டுமெனில் நாள்தோறும் எண்ணெய் அல்லது நெய் வேண்டும். அதனை இடைவிடாது வழங்க, காசைப் பொறுப்பேற்று நடத்தும் நிலையான நிறுவனமும் வேண்டும். தன் வாழ்நாளுக்குப் பின்னும் அறம் தொடரும் என்னும் நம்பிக்கையோடு வணிகர் குடும்பத்துப் பெண்ணொருவர் காசை ஒப்படைத்தார் எனில், பள்ளியின் நிருவாகம் அந்த அளவிற்கு நம்பகம் பெற்றிருந்தது என்பதே கருத்து. சாமுண்டப்பை, நன்னப்பயன் என்னும் பெயர் வடிவங்கள் கன்னடப் பெயர் மரபோடு ஒத்திருப்பதும் கருதத்தக்கது. கங்கமாதேவியின் பணியாளர் காலத்தில் தோன்றிய தொடர்பு, சோழர் ஆட்சியிலும் வணிகர் வழியே நீடித்தது என இதனைக் கொள்ளலாம்.

கொடை பெற்ற கோயிலின் பெயர் தனியே நோக்கத்தக்கது. குந்தவை இராசராசனின் தமக்கை. திண்டிவனம் அருகேயுள்ள தாதாபுரத்தில், அன்றைய இராசராசபுரத்தில், அவர் சிவன், திருமால், அருகன் ஆகிய மூவருக்கும் கோயில் எழுப்பினார். அங்குள்ள சமணக் கோயிலும் குந்தவை சினாலயம் என்றே வழங்கியது. திருமலைக் கோயிலும் அதே பெயரைத் தாங்குவதால், அவருடைய சமயப் பொறை ஒரே ஊரில் நிகழ்ந்த தனி நிகழ்வன்று என்பது உறுதியாகிறது. அரச குடும்பத்தின் பெயரைப் பெற்ற கோயிலுக்கு விளக்குக் கொடை அளிக்கும்போது, அரசனின் மெய்க்கீர்த்தி முழுமையாகப் பொறிக்கப்பட்டதும் இயல்பே. கங்கைப் படையெடுப்பின் செய்தி இம்மலைக்கு வந்து சேர்ந்தது சாமுண்டப்பையின் 30 காசுக் கொடையால்தான். அக்கொடை இல்லையெனில் அம்மெய்க்கீர்த்தி இப்பாறையில் இடம்பெற்றிருக்காது.

இராசேந்திரன் காலத்தைச் சார்ந்த மற்றொரு கல்வெட்டு, இளையமணி நங்கை என்பவர் வைத்த விளக்கையும், பல்லவ அரசர் ஒருவரின் தேவியான சின்னவை வைத்த விளக்கையும் பேணக் காசு ஒதுக்கப்பட்டதைக் கூறுகிறது. அரசகுலப் பெண்ணும் வணிகர் குடும்பப் பெண்ணும் ஒரே வகை அறத்தில் ஈடுபட்டுள்ளனர். அரசனின் தமக்கை நிலையிலுள்ளோர் கோயில் எழுப்ப, ஏனைய பெண்கள் அதன் அன்றாட ஒளியைக் காத்தனர்.

எழினி முதல் விடுகாதழகிய பெருமாள் வரை

சோழப் பேரரசு தளர்ந்த காலத்தில் தகடூரை ஆண்ட அதிகமான் மரபினன் விடுகாதழகிய பெருமாள், திருமலையில் பழுதுற்றிருந்த இயக்கன், இயக்கி படிமங்களைப் புதுப்பித்து மலைமேல் எழுந்தருளச் செய்தான். எறிமணி ஒன்றை அளித்ததோடு நீர்க்கால் ஒன்றையும் அமைத்தான். இப்படிமங்கள் முன்னர்ச் சேர மரபைச் சேர்ந்த எழினியால் செய்விக்கப்பட்டவை என்று அவன் கல்வெட்டு கூறுகிறது. எழினி என்ற தமிழ்ப்பெயர் வடமொழிப் பகுதியில் 'யவனிகா' என மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. எழினி என்பதற்குத் திரைச்சீலை என்னும் பொருளும் உண்டு என்பதையொட்டி அமைந்த மொழிபெயர்ப்பு அது.

அதிகமான்களின் முன்னோருள் எழினி என்னும் பெயர் சங்க இலக்கியத்திலும் வழங்குகிறது. கல்வெட்டு சுட்டும் எழினி சங்ககாலத்தவனா, பிற்காலத்தில் அப்பெயர் தாங்கியவனா என்பதை இச்சான்று ஒன்றைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. ஆயினும் இங்கு இன்றியமையாதது அரசனின் நோக்கு. பழைய படிமத்தை அகற்றிப் புதியதை நிறுவாமல், முன்னோர் செய்த அறத்தை மீட்டெடுப்பதையே அவன் பெருமையாகக் கருதினான். அவன் செய்த நீர்க்காலும், இரு நூற்றாண்டுக்கு முன் குணவீரர் செய்த கலிங்கும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை. படிமமும் பாசனமும் இப்பள்ளியில் இணைந்தே வந்துள்ளன.

குகைக்கோயிலின் உள்ளமைப்பு

திருமலையின் கட்டட வளாகம் மலையடிவாரத்திலிருந்து உச்சிவரை படிப்படியாக உயர்கிறது. அடிவாரத்தில் கோபுரமும் கோயில்களும் உள்ளன. குந்தவை சினாலயம் இக்கோயில் தொகுதியோடு பொதுவாக அடையாளம் காணப்படுகிறது. அதனைக் கடந்ததும், முன்னோக்கிக் கவிந்த பெரும்பாறையின் அடியில் இயற்கையான குகை அமைந்துள்ளது. அக்குகையின் வாயை அடைத்துச் செங்கற் சுவர்கள் எழுப்பப்பட்டு, அடுக்கடுக்காகச் சிற்றறைகள் அமைக்கப்பட்டுள்ளன. மலைச்சரிவில் பாறையிலேயே செதுக்கப்பட்ட சுமார் 16 அடி உயர நேமிநாதர் சிற்பம் நின்ற கோலத்தில் காட்சி தருகிறது. சிகாமணிநாதர் என இவர் வழங்கப்பெறுகிறார். உச்சியில் பார்சுவநாதர் கோயிலும் ஆசிரியர்களின் திருவடிகளும் உள்ளன.

இவ்வமைப்பில் இரு வேறு இடக்கருத்துகள் கலந்துள்ளன. கோபுரம், மண்டபம், கருவறை என்னும் வரிசை வழிபடுவோரின் நடைக்கு ஏற்றது. பாறைக்கடியிலுள்ள சிற்றறைகளோ தாழ்ந்த கூரையும் குறுகிய வாயிலும் கொண்டு, கூட்டமாக வந்து வழிபடுதற்கு ஏலாதவை. அவை ஒதுங்கியிருத்தற்கும் ஓதுதற்கும் உரிய அளவின. சமண முனிவர் மழைக்காலம் நீங்கலாக ஓரிடத்தில் தங்காது திரிதல் பழைய நெறி. நிலக்கொடையும் ஆசிரியர் மரபும் நிலைபெற்ற இடைக்காலத்தில், நிலைத்த உறைவிடங்கள் தோன்றின. இயற்கைக் குகையைச் செங்கல் அறைகளாகப் பகுத்த திருமலை அமைப்பு, இம்மாற்றத்தைக் கட்டட வடிவிலேயே காட்டுகிறது எனலாம்.

குகைப்பகுதியில் ஆதிநாதர், பார்சுவநாதர், பாகுபலி, தருமதேவி ஆகியோரின் சிற்பங்கள் உள்ளன. தருமதேவி நேமிநாதரின் இயக்கி. தன் இரு மைந்தரோடும் சிங்கத்தோடும் காட்டப்படுபவள். மலையின் முதன்மைத் தீர்த்தங்கரர் நேமிநாதராதலின், கல்வெட்டுகள் கூறும் இயக்கன், இயக்கி வழிபாடு அவரைச் சார்ந்ததாகக் கருத இடமுண்டு. இயக்கி படிமம் செய்வித்த ஆசிரியரின் பெயர் அரிட்டநேமி என்பதும், அது நேமிநாதரின் மறுபெயரே என்பதும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன.

ஓவியங்கள்

செங்கல் அறைகளின் சுவர்களிலும் மேற்கூரைகளிலும் சுண்ணச் சாந்தின்மீது ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. இவற்றுள் தலையாயது சமவசரணம். கேவலஞானம் பெற்ற தீர்த்தங்கரர் அறமுரைக்கத் தேவர்கள் அமைக்கும் பேரவையே சமவசரணம். நடுவே இறைவன் வீற்றிருக்க, துறவியர், தேவர், மக்கள், விலங்குகள் எனப் பன்னிரு கோட்டங்களில் உயிர்கள் அமர்ந்து அறம் கேட்கும். திருமலை ஓவியத்தில் இது பெருவட்டமாக, உள்வட்டங்களும் பகுப்புகளும் கொண்டு, சக்கரம் போன்ற தோற்றத்தில் அமைந்துள்ளது. ஏனைய இடங்களில் துணிப்பாங்கான வடிவங்களும் பூவேலைப்பாடுகளும் மேற்கூரையை நிறைக்கின்றன.

சித்தன்னவாசல் மேற்கூரையிலுள்ள தாமரைத் தடாகமும் சமவசரணத்தின் ஒரு நிலமாகவே விளக்கப்படுகிறது. அங்கு ஓவியர் பேரவையின் ஒரு பகுதியை இயற்கைக் காட்சியாகத் தீட்ட, திருமலை ஓவியர் பேரவை முழுவதையும் மேலிருந்து நோக்கும் வரைபடமாகத் தீட்டினார். முன்னது காட்சி இன்பம் தருவது. பின்னது கற்பித்தற்கு உதவுவது. 14ஆம் நூற்றாண்டில் வாமன முனிவர் இயற்றிய மேருமந்தர புராணம் சமவசரணத்தை விரித்துரைக்கிறது. நூலில் வரிசையாகக் கேட்கும் பகுப்புகளை ஒரே பார்வையில் காட்ட வட்ட வடிவம் ஏற்றது. ஆசிரியரும் மாணாக்கரும் வாழ்ந்த அறைகளில் இத்தகைய ஓவியம் இடம்பெற்றது பொருத்தமே.

ஓவியங்களின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. சோழர் காலத்தில் தொடங்கியவை என்பாரும், விசயநகர காலத்தவை என்பாரும் உளர். ஒன்றுக்கு மேற்பட்ட சாந்துப் படலங்கள் காணப்படுவதால், ஒரே காலத்தைத் தேடுவதைவிட அடுத்தடுத்த புதுப்பித்தல்களைத் தேடுவதே முறையாகும். படிமங்களைப் புதுப்பித்த விடுகாதழகிய பெருமாளின் செயலும் அத்தொடர்ச்சியின் ஒரு கண்ணியே. திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் எழுப்பிய சங்கீத மண்டபமும், பிற்காலத்தில் அங்கே தீட்டப்பட்ட தீர்த்தங்கரர் வரலாற்று ஓவியங்களும், பழைய கட்டடத்தில் புதிய ஓவியம் இடம்பெறும் வழக்கத்திற்கு ஒப்புமையாகும்.

பாறைக்கடியிலுள்ள இவ்வறைகளில் பகலிலும் ஒளி குறைவு. விளக்கின்றி இவ்வோவியங்களைக் காண்பது அரிது. சாமுண்டப்பையும் சின்னவையும் வைத்த விளக்குகள் இவ்வறைகளில் எரிந்தன எனக் கல்வெட்டுகள் கூறவில்லை. எனினும், ஒளி என்பது இம்மலையில் சடங்குப் பொருளாக மட்டுமின்றி அன்றாடத் தேவையாகவும் இருந்தது என்பதை உள்ளமைப்பே உணர்த்துகிறது. கொடைகளில் விளக்கு திரும்பத் திரும்ப இடம்பெறுவதை இந்நோக்கிலும் காண வேண்டும்.

பொன்னூர்த் தொடர்பு

14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சம்புவராயர் மரபினனான இராசநாராயணனின் 12ஆம் ஆட்சியாண்டில், பொன்னூரைச் சேர்ந்த மண்ணை பொன்னாண்டையின் மகள் நல்லாத்தாள் வைகைத் திருமலையில் அருகன் படிமத்தை எழுந்தருளச் செய்தார். அப்படிமத்திற்கு விகார நாயனார், பொன்னெயில் நாதர் என்னும் பெயர்கள் வழங்கின. பொன்னெயில் என்பது சமவசரணத்தின் பொன்மதிலைக் குறிப்பது. ஓவியத்தில் கண்ட பேரவையின் தலைவனே இங்குப் படிமமாக எழுந்தருளினான். விகார நாயனார் என்ற பெயரோ, 14ஆம் நூற்றாண்டிலும் இவ்விடம் துறவியர் உறைவிடமாகவே எண்ணப்பட்டதைக் காட்டும் வலுவான சான்று.

நல்லாத்தாளின் ஊரான பொன்னூர் வந்தவாசியை அடுத்தது. குந்தகுந்தாசாரியரோடு தொடர்புபடுத்தப்படும் பொன்னூர்மலை அங்குள்ளது. பொன்னூர் ஆதிநாதர் கோயிலில் சக ஆண்டு 1655ஐச் (கி.பி. 1733) சேர்ந்த கல்வெட்டு, ஞாயிறுதோறும் பார்சுவநாதர், சுவாலாமாலினி படிமங்களை ஏலாசாரியரின் மலைக்கு எழுந்தருளச் செய்யும் வழக்கத்தைக் கூறுகிறது. ஊர்க்கோயிலும் மலையும் இணைந்த வழிபாட்டு முறை இவ்வட்டாரத்துக்கு உரியது என்பது இதனால் விளங்கும். திருமலைக்குப் பொன்னூர்ப் பெண்ணொருவர் படிமம் அளித்ததும் இப்பிணைப்பின் பகுதியே. கன்னட நாட்டு அரண்மனை, சோழர் குடும்பம், வணிகர் ஆகியோருக்குப் பின், பள்ளியைத் தாங்கும் பொறுப்பு அண்டை ஊர்ச் சமணக் குடும்பங்களிடம் வந்து சேர்ந்தது.

இன்றைய நிலை

தமிழ்ச் சமணரின் மடத் தலைமை சினகாஞ்சி எனப்பட்ட திருப்பருத்திக்குன்றத்திலிருந்து செஞ்சி அருகேயுள்ள மேல்சித்தாமூருக்கு மாறியது என்பது மரபு. அம்மடம் இன்றும் இயங்குகிறது. திருமலை அடிவாரத்தில் 1998இல் தவளகீர்த்தி பட்டாரகரின் தலைமையில் அரகந்தகிரி மடம் நிறுவப்பட்டு, சமயப் பணியோடு கல்விப் பணியும் நடைபெறுகிறது. பள்ளி என்ற சொல்லின் இரு பொருள்களும் அம்மலையில் மீண்டும் ஒன்றாயின.

பழங்கட்டடங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. கல்வெட்டுக்கும் ஓவியத்துக்கும் பாதுகாப்பில் அடிப்படை வேறுபாடு உண்டு. கல்வெட்டு தேய்ந்தாலும் மைப்படியும் அச்சுப்பதிப்பும் எஞ்சும். 1890இல் வெளிவந்த பதிப்பு அவ்வகையில் திருமலைக் கற்களுக்கு இரண்டாம் வாழ்வளித்தது. சாந்துப் படலம் ஈரத்தாலும் புகையாலும் கைபடுதலாலும் உதிரும்போது, வரைவும் வண்ணமும் உடன் அழிகின்றன. மேற்படலம் உதிர்ந்த இடத்தில் அடிப்படலம் தெரிவது ஆய்வாளருக்குச் சான்றாகலாம். ஆனால் அச்சான்று ஓர் இழப்பின் விலையில் கிடைப்பது.

முடிவுரை

திருமலையின் வரலாற்றை அரசர் வரலாற்றின் துணைச்சான்றாக மட்டும் காணும் வழக்கம், அதன் பெரும்பகுதியை மறைத்துவிட்டது. கல்வெட்டுகளின் கொடைப் பகுதிகளைத் தொடர்ந்து நோக்கினால், 10ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்து இயங்கிய ஒரு பள்ளியின் வாழ்வு புலப்படுகிறது. குணவீரர் கலிங்கு அமைத்தார், பரவாதிமல்லர் கற்பித்தார், அரிட்டநேமி படிமம் செய்வித்தார், குந்தவையின் பெயரால் கோயில் விளங்கியது, சாமுண்டப்பையும் சின்னவையும் இளையமணி நங்கையும் விளக்கைக் காத்தனர், நல்லாத்தாள் விகார நாயனாரை எழுந்தருளச் செய்தார். துறவியர் உறைந்த சிற்றறைகளும் இல்லறத்தார் வழிபட்ட மண்டபங்களும் ஒரே பாறையின் நிழலில் அமைந்திருப்பது இக்கூட்டுவாழ்வின் கட்டட வடிவம்.

இராசேந்திரனின் கல்வெட்டை ஆய்வோர் இனி அதன் இறுதி வரிகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். திருமலை ஓவியங்களை அறைவாரியாகவும் படலவாரியாகவும் கல்வெட்டுச் செய்திகளோடு இணைத்துப் பதிவு செய்தலும் வேண்டும். கங்கை வரை சென்ற படையின் புகழ் பல செப்பேடுகளிலும் கற்களிலும் காக்கப்பட்டுள்ளது. சாமுண்டப்பையின் விளக்கு எரிந்த பள்ளியின் உட்சுவர்களுக்கு அத்தகைய மறுபடி வேறெங்கும் இல்லை.